உயிரணுவைப் பகுத்த வரலாறு

திருவனந்தபுரத்துப் பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதிக்கு நாம் சென்றால் தேங்காய் உடையும் ஓசை செவியில் விழும். இராணுவத்தார் பராமரித்து வரும் கோயில் அது. உடைத்த காயைத் துருவி, அரைத்துப் பிழிந்து வைத்தால், சிறிது நேரத்தில் கொழுப்பு மேலே திரளும். நீர் கீழே தங்கும். கனத்திற்கேற்பப் பொருள்கள் பிரியும் இவ்வியல்பைக் கொண்டே விஞ்ஞானிகள் உயிரணுவின் உள்ளுறுப்புக்களையும் பிரித்தெடுத்தனர்.

இதற்கு வழி கண்டவர் பெல்ஜியம் நாட்டு ஆல்பர்ட் கிளாட். இளமையில் எஃகு ஆலையில் உழைத்தவர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பின்றியே மருத்துவம் பயிலப் புகுந்தவர். 1929-இல் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தை அடைந்தார். கோழிகளுக்குப் புற்றுநோய் விளைவிக்கும் நுண்பொருள் ஒன்று உண்டென்று பெய்டன் ரௌஸ் 1911-இல் காட்டியிருந்தார். அதனைத் தனித்தெடுப்பதே கிளாடின் நோக்கம். கட்டியை அரைத்து, அதிவேகச் சுழற்கருவியிலிட்டுச் சுழற்றினார். அடியில் வண்டல் படிந்தது. நோய் விளைக்கும் ஆற்றலும் அதில் இருந்தது. ஆயினும் ஒப்புநோக்கும் பொருட்டு நோயற்ற கோழிக் கருவையும் அவ்வாறே சுழற்றியபோது, அதிலும் அத்தகைய வண்டலே! வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பர். அவரோ, அத்துகள்கள் உயிரணுவுக்கே உரியவை என்று தெளிந்து, தேடியதை விட்டுக் கிடைத்ததைப் பற்றினார்.

மெதுவாகச் சுழற்றினால் முதலில் உட்கரு படியும். வேகத்தைக் கூட்டினால் மைட்டோகாண்ட்ரியா. மேலும் கூட்டினால் நுண்துகள்கள். ஆனால் உப்புக் கரைசலில் மைட்டோகாண்ட்ரியா உருக்குலைந்தன. 1948-இல் ஹோகபூம், ஷ்னைடர், பலாடே ஆகியோர் அடர்ந்த சர்க்கரைக் கரைசலைக் கையாண்டு அக்குறையைத் தீர்த்தனர். பாகின் பதம் பார்ப்பது நம் வீட்டார்க்குப் புதிதன்று!

பெல்ஜியத்துக் கிறிஸ்டியன் டி டூவ், எலியின் ஈரலிலிருந்து எடுத்த சாற்றைச் சில நாள் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பார்த்தபோது, ஒரு நொதியின் செயல் பெருகியிருக்கக் கண்டார். அது ஏதோ உறைக்குள் அடைபட்டிருந்து கசிந்ததென ஊகித்தார். 1955-இல் அவ்வுறை லைசோசோம் எனப் பெயர் பெற்றது. கிளாட், டி டூவ், பலாடே மூவரும் 1974-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இத்தத்துவம் திருவனந்தபுரத்திலும் பலன் தந்தது. அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகம், குருதி சேமிக்கும் பிளாஸ்டிக் பைகளை நம் நாட்டிலேயே செய்யும் முறையை வகுத்தளித்தது. இணைப்பைகளைச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். மேலே நிற்கும் பிளாஸ்மாவை அழுத்தி அடுத்த பைக்கு மாற்றிவிடலாம். உற்றார் அருகில் இல்லாத ஊரில் குருதி வேண்டி நிற்கும் நம்மவர்க்கு, ஒருவர் ஈந்த குருதி இருவர் மூவருக்கு உதவுவது சிறு காரியமன்று. கண்ணாடிப் புட்டிகளில் குருதி சேர்த்த காலத்தில் இவ்வாறு பகுப்பது எளிதாயிருக்கவில்லை.