அசையாப்பொருள் ஓவியமும் நீலகிரி ஈமக்கலங்களும்

டச்சு ஓவியர் ஹார்மன் ஸ்டீன்விக் 1640ஆம் ஆண்டளவில் மரப்பலகைமேல் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய ஓவியம் ஒன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உளது. மேசைமேல் மண்டையோடு, நூல்கள், அரிய சங்கு, சப்பானிய வாள், இசைக்கருவிகள், அணைந்து புகையும் விளக்கு ஆகியன கிடக்கின்றன. மாந்தர் எவரும் இலர். எனினும் செல்வமும் கல்வியும் இன்பமும் நில்லா என்னும் குறிப்பை அந்நாட்டார் எளிதின் உணர்ந்தனர். விவிலியத்தின் சபை உரையாளர் நூல் அவர்க்குப் பழகியிருந்தமையே அதற்குக் காரணம். காஞ்சித்திணை பயின்ற நமக்கும் இப்பொருள் புதிதன்று.

குறிப்புப்பொருள் வழக்கைப் பற்றியே நிற்கும். தொல்காப்பியனார் தெய்வம் ஒழிந்த கருப்பொருளை உள்ளுறைக்கு நிலைக்களனாகக் கொண்டதும் இதுபற்றியே என்பது எம் கருத்து. அந்நிலத்து விலங்கும் புள்ளும் கேட்போர்க்கு முன்னரே தெரிந்தவை. ஆதலின் கூறாததையும் அவர் கொள்வர்.

வழக்கு மறைந்தொழிந்த இடத்து எஞ்சிய பொருள்களை எங்ஙனம் உணர்வது? நீலகிரிக் குன்றுகளின் மேலுள்ள கல்வட்டங்கள் இவ்வினாவை எழுப்புகின்றன. அவற்றினின்று எரிந்த எலும்பு, இரும்புக் கருவிகள், வேலைப்பாடு மிக்க வெண்கலக் கிண்ணங்கள், அடுக்கடுக்காக உயர்ந்த மட்கலங்கள் ஆகியன எடுக்கப்பட்டன. கலங்களின் மூடிகள்மேல் எருமை, குதிரை, யானை, மயில், ஆடவர், மகளிர் முதலிய உருவங்கள் அமர்ந்துள்ளன. வெண்கலத்தின் நேர்த்தி இம்மண்ணுருவங்களில் இல்லை. கையாற் பிசைந்து பொருத்திய இவற்றின் முரட்டுத்தன்மையே எம்மை மிகவும் ஈர்க்கிறது. மாவட்டத்தின் முதல் ஆணையர் பிரீக்ஸ் திரட்டியவை சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவர் 1872இல் மறைந்தபின், 1873இல் அவர்தம் நூல் வெளிவந்தது.

எருமை உருவைக் கண்டோர் தோடரை நினைந்தனர். தோடர் ஈமச்சடங்கில் எருமை பலியிடுவர். ஆதலின் கல்வட்டங்கள் அவர்தம் முன்னோருடையன என்றனர். 1847இல் கட்டுரை வரைந்த காங்கிரீவ் இன்னும் ஒருபடி சென்று, தோடரைச் சிதியரோடு இணைத்தார். பிரீக்ஸும் தோடர்பக்கமே சாய்ந்தார்.

இக்கொள்கை எமக்கு உடன்பாடன்று. எருமையைக் கொண்டு குதிரையை விடுதல் முறையாகாது. தோடர் குதிரை வளர்ப்பாரல்லர், மட்கலம் வனைவாருமல்லர், கோத்தரிடமிருந்தே கலம் பெற்றனர். கல்வட்டங்களைப் பிறர் தோண்டியபோதும் அவர் வருந்தித் தடுத்திலர். ரிவர்ஸ் 1906இல் தோடரைப் பற்றி விரிவாக எழுதிய நூலிலும் இவ்வினா ஆராயப்பட்டது. எருமை தோடர்க்குத் திருவுடையது என்பது மெய். ஆயின் அத்திருவைப் பல நூற்றாண்டு முற்பட்ட கலத்தின்மேல் ஏற்றுதல், ஸ்டீன்விக்கின் சங்கைத் திருமாலின் சங்கு எனக் கொள்வதை ஒக்கும்.

நிலையாமையை இம்மூடிகள் குறித்தன என்பதற்கும் சான்றில்லை. இறந்தார்க்கு மந்தையும் ஊர்தியும் துணையும் உடன்விடும் நோக்கமாயின், இவை ஆலந்து ஓவியத்துக்கு நேர்மாறாய், வாழ்வு தொடரும் என்னும் நம்பிக்கையையே காட்டும். இதனைத் துணிதற்கு எம்மூடி எக்கலத்துக்குரியது, எவ்வெலும்போடும் எக்கிண்ணத்தோடும் கிடந்தது என்னும் செய்திகள் வேண்டும். பழைய அகழ்வுகள் பலவற்றில் இக்குறிப்பு முழுமையாக இல்லை. மூடிகளைக் கலத்தினின்றும் பிரித்துத் தனித்தனியே எண்ணும் முறையை விடுத்து, ஒவ்வொரு குழியையும் ஒரு தொகுதியாக மீட்டமைக்க முயலுதலே ஆய்வு மாணவர் முதற்கண் செய்தற்குரியது.