இரு மேடைகளுக்கிடையே ஒரு குரல்

மயிலாடுதுறையில் 1910ஆம் ஆண்டு பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரைக் கலைஞராக வளர்த்தெடுத்த நகரம் திருச்சிராப்பள்ளியே. எப்.ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபா நடத்திய அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாகத் தோன்றிய சிறுவர், பின்னர்க் கருநாடக இசையை முறையாகப் பயின்று, 1934இல் ‘பவளக்கொடி’ வாயிலாகத் திரையுலகை அடைந்தார்.

பாபநாசம் சிவன் இயற்றிய பாடல்களை அவர் பாடியபோது, கச்சேரியின் இராகச் செம்மையும் நாடக மேடையின் உச்ச சுருதியும் ஒன்றுகூடின. ஏறத்தாழ மூன்று நிமிட இசைத்தட்டுக்குள் ஓர் இராகத்தின் முகத்தைக் காட்டிவிடும் அக்கலை, சபா வாயிலை மிதித்தறியாதவர்க்கும் செவ்விசையை உரிமையாக்கிற்று.

1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆயினும் அவ்வாண்டின் இறுதியிலேயே இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் சிறைப்பட்டார். 1947இல் விடுதலை பெற்று மீண்டபின், திரையில் பாட்டின் இடத்தை வசனம் கவர்ந்துகொண்டது. ‘ராஜமுக்தி’ முதலிய பிற்காலப் படங்கள் வெற்றி பெறவில்லை. 1959 நவம்பர் 1இல் அவர் மறைந்தார்.

இசை வரலாறு அவரைத் திரைக்குரியவர் என ஒதுக்கிற்று. திரை வரலாறோ அவரது புகழையும் வீழ்ச்சியையுமே பெரிதும் பேசிற்று. பாடகர் என்னும் நிலையில் அவரை மதிப்பிடும் பொறுப்பு, தட்டுகளைப் பேணிக் காத்த ரசிகர்களிடமே தங்கியது. அவர்கள் காத்தது ஒரு நடிகரின் நினைவை மட்டுமன்று. செவ்விசை பொதுமக்களின் சொத்தாகக் கூடும் என்பதற்கான சான்றையுமாகும்.