வாசா கப்பலின் பீரங்கிகள்

சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் உள்ள வாசா அருங்காட்சியகத்தினுள் நுழைவோரை முதலில் ஈர்ப்பது, 333 ஆண்டுகள் கடலடியில் கிடந்து கரையேறிய பெரும் பாய்மரப் போர்க்கப்பலே ஆகும். அங்கேயே, அக்கப்பலின் மேற்பீரங்கித் தளத்தின் ஒரு பகுதி முழு அளவில் மாதிரியாகவும் அமைக்கப்பட்டுள்ளது. நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய மரவண்டி. அதன்மேல் சதுரச் சாளரத்தின் வழியே வெளியே நோக்கும் பீரங்கி. கப்பல் உண்மையானதாக நிற்கும் இடத்தில் பீரங்கிக்கு மட்டும் மாதிரி எதற்கு? இவ்வினாவுக்குரிய விடையே இக்கப்பலின் வரலாற்றில் பெரும்பகுதி எனலாம்.

மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் போலந்துடன் போரிட்டுக் கொண்டிருந்த காலம் அது. பால்டிக் கடலை ஆள விரும்பிய மன்னருக்குப் பகைவரை அஞ்சச் செய்யும் கப்பல் தேவைப்பட்டது. வாசாவில் 64 பீரங்கிகள் ஏற்றப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை 24 பவுண்டுக் குண்டுகளை எறியும் வெண்கலப் பீரங்கிகள். ஒவ்வொன்றின் எடையும் ஏறக்குறைய ஒன்றேகால் டன். குண்டின் எடை பத்துக் கிலோ அளவினது. அந்நாளில் வெண்கலம் விலை மிகுந்த உலோகம். ஒரு கப்பல் அழிந்தால் காட்டு மரங்களைக் கொண்டு வேறொன்று கட்டலாம். வெண்கலப் பீரங்கியை இழப்பதோ அரசின் கருவூலத்தையே இழப்பது போன்றதாகும்.

இத்தகைய பீரங்கிகளை இரண்டு தளங்களில் வரிசையாக நிறுத்த வேண்டுமெனில், நீர்மட்டத்துக்கு மேலே கப்பலின் உடல் உயரமாகவும் கனமாகவும் அமைய வேண்டும். பீரங்கிகளே கப்பலைக் கவிழ்த்தன என்று பலர் எழுதிவிட்டனர். அது முழு உண்மையன்று. கப்பலின் மொத்த எடையில் பீரங்கிகளின் பங்கு சிறிதே. அவற்றைத் தாங்குவதற்காக எழுப்பப்பட்ட மேற்கட்டுமானம் மிகையான கனமுடையதாய் இருந்ததே பெருங்குறை. அடிப்பகுதியில் சமநிலைக்காக ஏறத்தாழ 120 டன் கற்கள் ஏற்றப்பட்டும் அக்குறை தீரவில்லை.

குறை எவருக்கும் தெரியாமலும் இல்லை. புறப்பாட்டுக்கு முன்பே முப்பது வீரர்களைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டுச் சோதித்தனர். மூன்று முறை ஓடியதும் கப்பல் அச்சந்தரும் வகையில் ஆடியது. கடற்படைத் தலைவர் கிளாஸ் ஃபிளெமிங் சோதனையை நிறுத்தச் சொன்னார். கப்பலை நிறுத்தச் சொல்லவில்லை. போர்முனையிலிருந்த மன்னரோ விரைந்து அனுப்புமாறு வற்புறுத்திக் கொண்டிருந்தார். முதன்மைக் கட்டுநரான ஹென்ரிக் ஹைபர்ட்சன் 1627ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

1628 ஆகஸ்ட் 10ஆம் நாள் வாசா தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. மரியாதை வேட்டு முழங்குவதற்காகப் பீரங்கிச் சாளரங்கள் திறந்திருந்தன. முதற்காற்றில் சாய்ந்த கப்பல் ஒருவாறு நிமிர்ந்தது. அடுத்து வீசிய காற்றிலோ கீழ்த்தளச் சாளரங்கள் நீர்மட்டத்தைத் தொட்டன, வெள்ளம் உட்புகுந்தது. ஏறக்குறைய 1,300 மீட்டர் தூரமே சென்ற நிலையில், கரையில் நின்ற மக்கள் காண, பாய்கள் விரிந்தபடியே மூழ்கிற்று. முப்பது பேரளவில் மாண்டனர்.

மூன்று நாட்களுக்குள் கப்பலை மீட்பதற்கான ஒப்பந்தம் எழுதப்பட்டது! அம்முயற்சி கைகூடவில்லை. விசாரணையிலும் பீரங்கிகள் சரியாகக் கட்டப்பட்டிருந்தனவா என்ற வினா முன்னின்றது. கட்டப்பட்டே இருந்தன என்று கப்பல் தலைவர் சோஃப்ரிங் ஹான்சன் ஆணையிட்டுக் கூறினார். முடிவில் எவரும் தண்டிக்கப்படவில்லை.

பீரங்கிகளை மட்டும் எவரும் மறக்கவில்லை. 1664, 1665ஆம் ஆண்டுகளில் ஆல்பிரெக்ட் ஃபான் டிரைலெபன், ஆண்ட்ரியாஸ் பெக்கல் என்னும் இருவர் அவற்றை மீட்கும் பணியை மேற்கொண்டனர். அவர்களுடைய கருவி ஒரு மணி. கோயில் மணி போன்ற வடிவுடைய கலத்தினுள் காற்று தங்கி நிற்க, தோலாடை அணிந்த ஒருவர் அதன் கீழே தொங்கும் ஈயப்பலகையில் நின்றவாறு இறங்குவார். ஆழம் கூடக் கூடக் காற்று சுருங்கும். மணிக்குள் நீர் ஏறும். உயர்ந்த தென்னையையும் விழுங்கக்கூடிய 32 மீட்டர் ஆழம், குளிரோ எலும்பை உறையச் செய்வது, வெளிச்சமும் இல்லை. அந்நிலையில் கொக்கி பொருத்திய கழியால் துழாவி, ஒன்றேகால் டன் வெண்கலத்தில் கயிறு மாட்டி, மேலே இழுக்கச் செய்தார்கள். இவ்வாறு ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் கரையேறின. இன்றைய முக்குளிப்போரும் வியக்கும் செயல் இது. பீரங்கிகளை இழந்த மரவண்டிகளும், இறந்தவர்களும் கப்பலினுள்ளேயே கிடந்தனர்.

1956இல் ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் கப்பலின் இருப்பிடத்தைக் கண்டறிந்தார். 1961 ஏப்ரல் 24ஆம் நாள் அது நீருக்கு மேலே வந்தபோது, 24 பவுண்டுப் பீரங்கிகளில் எஞ்சியிருந்தவை மூன்றே. அவற்றை வைத்துச் சுட்டுப் பார்க்க எவர் துணிவார்? எனவே அளவு பிசகாமல் புதிய வெண்கலப் பீரங்கி ஒன்று வார்க்கப்பட்டு, 2014இல் வெடித்துச் சோதிக்கப்பட்டது. கப்பலின் பக்கச்சுவர் போன்று கட்டிய ஓக் மரச்சுவரே இலக்கு. பகைவர் மீது ஒரு குண்டும் எறியாமல் மூழ்கிய கப்பலின் பீரங்கி எத்தகையது என்பதை அறிய 386 ஆண்டுகள் ஆயின.

கப்பலிலும் அதனைச் சுற்றியும் கிடைத்த எலும்புகள் குறைந்தது பதினைந்து பேருடையவை. அவர்களுடைய பெயர்ப்பட்டியல் கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் அகரவரிசை எழுத்துகளால் குறித்து, பின்பு பெயரிட்டு அழைத்தனர். அவர்களுள் குஸ்தாவ் என நெடுங்காலம் அழைக்கப்பட்டவர் ஓர் ஆடவர் என்றே கருதப்பட்டார். 2023இல் வெளியான மரபணு ஆய்வு, அவர் ஒரு பெண் என்று காட்டியது. உள்நாட்டுத் தீவுகளைக் கடக்கும் வரையில் வீரர்களின் மனைவியரும் உடன் செல்ல அந்நாளில் இசைவு இருந்தது. அவ்வாறு கணவனுடன் சில நாள் பயணம் செய்ய ஏறியவராக அவர் இருந்திருக்கலாம்.