நிறமில்லாத நிறமூர்த்தமும் பேராசிரியராகாத ரெமாக்கும்

பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் மனனம் செய்கிற இரண்டு சொற்கள் இருக்கின்றன: நிறமூர்த்தம், இழையுருப்பிரிவு. பரீட்சை முடிந்ததும் அநேகமானவர்கள் மறந்துவிடுவார்கள். ஆனால் இரண்டு சொற்களுக்குள்ளும் ஒரு வரலாறு கிடக்கிறது. நிறமூர்த்தத்துக்குச் சொந்தமாக நிறமே இல்லை. பிறகு ஏன் அந்தப் பெயர்? பதிவு கொஞ்சம் நீளம்தான். நேரம் எடுத்து, முடிந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள்.

1838இல் ஷ்லைடன் என்பவர் தாவரங்களைப் பற்றியும், 1839இல் ஷ்வான் என்பவர் விலங்குகளைப் பற்றியும் ஒரே முடிவைச் சொன்னார்கள். உயிருள்ளவை எல்லாம் கலங்களால் ஆனவை என்பதே அது. அதில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் புதிய கலம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இருவரும் பிழையான விடையைத்தான் கொடுத்தார்கள். பாகில் கற்கண்டு விளைவதுபோல, ஒரு திரவத்திலிருந்து கலங்கள் தாமாகவே உறைந்து உருவாகின்றன என்று நம்பினார்கள். பெரிய பெயர்கள் சொன்னதால் ஐரோப்பா பல வருடங்கள் அதை ஏற்றுக்கொண்டிருந்தது.

அதை மறுத்து நின்றவர்களில் முக்கியமானவர் ரொபர்ட் ரெமாக். 1815இல், அன்று பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்து இன்று போலந்தில் இருக்கும் போசன் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்துப் பேர்லினில் ஆய்வு செய்தார். 1841இல் கோழி முளையத்தின் குருதியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, ஒரு கலம் நடுவில் ஒடுங்கி இரண்டாகப் பிரிவதைக் கண்டார். உடனே பெரிதாக அறிவித்துவிடவில்லை. தவளை முட்டையில் பார்த்தார், வேறு இழையங்களிலும் பார்த்தார். பதினொரு வருடங்களுக்குப் பிறகு, 1852இல்தான் உறுதியாக எழுதினார்: கலங்கள் திரவத்தில் விளைவதில்லை, ஏற்கெனவே இருக்கும் கலம் பிரிந்துதான் புதிய கலம் வருகிறது.

இந்த வருடங்களில் அவருடைய நிலை என்ன? பிரஷ்யாவில் ஒரு யூதர் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வேண்டுமென்றால் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வேண்டும். அவர் காலத்தில் பலர் அப்படிச் செய்து பதவி பெற்றார்கள். ரெமாக் செய்யவில்லை. நோயாளர்களைப் பார்த்து உழைத்துக்கொண்டே ஆய்வைத் தொடர்ந்தார். கற்பிக்க அனுமதி கேட்டு 1843இல் அரசருக்கே விண்ணப்பித்தார். 1847இல்தான் விரிவுரை நடத்த இடம் கிடைத்தது. 1859இல் அதைவிடச் சற்று மேலான ஒரு பதவி கிடைத்தது. முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. 1865இல், ஐம்பதாவது வயதில் காலமானார்.

கலக்கொள்கை என்றதும் நாம் படிப்பிக்கும் பெயர்கள் மூன்று: ஷ்லைடன், ஷ்வான், விர்ச்சோ. ஒவ்வொரு கலமும் முன்னைய கலத்திலிருந்தே வருகிறது என்ற கருத்தை 1855இலும், பிறகு 1858இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலிலும் விர்ச்சோ உலகறியச் செய்தார். அவர் சாதாரண மனிதரல்ல. 1848இல் கொள்ளைநோய் பரவிய ஒரு பிரதேசத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நோய்க்குப் பின்னால் வறுமையும் ஆட்சியின் அலட்சியமும் இருப்பதைத் துணிந்து எழுதியவர். ஆனால் இந்த விடயத்தில், அதற்கு முன்பே உழைத்திருந்த ரெமாக்குக்கு உரிய இடத்தை அவர் கொடுக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் குறைகூறுகிறார்கள். விர்ச்சோவின் பெயர் பாடநூலில் நின்றது. ரெமாக்கின் பெயர் விடுபட்டுப் போனது.

சரி, கலம் பிரிகிறது. உள்ளே என்ன நடக்கிறது? அதைப் பார்க்க முடியாமல் இருந்ததற்குக் காரணம், கலத்தின் உட்பகுதி ஏறத்தாழக் கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பது. இதற்கு வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1856இல் இலண்டனில் பெர்கின் என்ற 18 வயது மாணவன், மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றான். மருந்து வரவில்லை, ஊதா நிறச் சாயம் ஒன்று வந்தது. அதிலிருந்து செயற்கைச் சாயத் தொழில் வளர்ந்தது. துணிக்குப் போட்ட அந்தச் சாய வகைகளை விஞ்ஞானிகள் கலங்களுக்கும் போட்டுப் பார்த்தார்கள்.

ஜேர்மனியில் வோல்தர் பிளெமிங், சலமந்தர் என்ற ஈருடகவாழியின் குடம்பியில் உள்ள பெரிய கலங்களைச் சாயமிட்டு ஆராய்ந்தார். கருவுக்குள் ஒரு பொருள் மட்டும் சாயத்தை நன்றாக உறிஞ்சியது. கலம் பிரியும்போது அது இழைகளாகத் திரண்டது, ஒவ்வோர் இழையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது, பாதிப் பாதியாக இரு பக்கமும் போனது. 1882இல் இதை நூலாக வெளியிட்டார். கிரேக்க மொழியில் இழையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவர் பெயர் வைத்தார். நமது "இழையுரு" அதன் நேர்த் தமிழ். 1888இல் வால்டேயர் என்பவர் அந்த இழைகளுக்கு "நிறம்", "உடல்" என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். அதுதான் நிறமூர்த்தம். நிறம் அதனுடையதல்ல, நாம் போட்ட சாயத்தினுடையது.

இன்று நமக்குத் தெரியும்: மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள். பிரிவதற்கு முன் ஒவ்வொன்றும் தன்னைப் பிரதிசெய்துகொள்கிறது. இரு முனைகளிலிருந்தும் கதிர்நார்கள் நீண்டு வந்து அவற்றைப் பிடிக்கின்றன. எல்லாம் நடுவில் வரிசையாக நிற்கும். ஒன்று பிடிபடாமல் இருந்தாலும் கலம் பொதுவாகக் காத்திருக்கும். எல்லாம் சரியான பிறகுதான் இழுவை தொடங்கும். கலப்பிரிவின் மீதான கட்டுப்பாடு கெட்டு, கலங்கள் நிறுத்தமின்றிப் பிரிவதுதான் புற்றுநோய்.

மகரகமவுக்குப் போய்வரும் குடும்பங்கள் நமது ஊர்களிலும் இருக்கின்றன. சிறுவர்களின் குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து, நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. அது கதிர்நார்கள் உருவாவதைத் தடுக்கிறது. கதிர் இல்லாமல் கலம் பிரிய முடியாது. முடி வளர்வதும் கலப்பிரிவால்தான் என்பதால் சிகிச்சையின்போது முடியும் உதிர்கிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை, விலகி நிற்கவும் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: இதை வாசித்துவிட்டு வீட்டு முற்றத்துச் செடியை அவித்துக் குடிக்கக் கூடாது. அது நஞ்சு. அளவு தெரிந்தவர்கள் வைத்தியர்கள்தான்.

ரெமாக்கின் பேரனுக்கும் ரொபர்ட் ரெமாக் என்றுதான் பெயர். அவர் ஒரு கணிதவியலாளர். யூதர் என்பதற்காக நாசிகள் அவரை அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். 1942இல் அங்கே உயிரிழந்தார். தாத்தாவுக்குப் பதவியை மறுத்த அதே நாடு, பேரனுக்கு வாழும் உரிமையையே மறுத்தது.

கலக்கொள்கையைப் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதும்போது நான்காவதாக ரெமாக்கையும் எழுதுங்கள். பரீட்சையில் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் தன் மார்க்கத்தை விட்டுக்கொடுக்காமலும், கண்ணால் கண்ட உண்மையை விட்டுக்கொடுக்காமலும் ஒருவர் விஞ்ஞானம் செய்தார் என்பது நமது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.