ராம்பால் வாசிக்காத சொனாட்டீன்

1946 இன் தொடக்கத்தில் பரிஸில் ஒரு இருபது வயதுப் பொடியன் புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும் ஒரு சொனாட்டீன் எழுதினான். பெயர் பியர் பூலெஸ். எழுதித் தரச்சொல்லிக் கேட்டவர் அவரைவிட மூன்று வயது மூத்த புல்லாங்குழல் கலைஞர் ஜோன்-பியர் ராம்பால். ஆனால் கையில் கிடைத்த படைப்பு ராம்பாலுக்குப் பிடிக்கவில்லை. கடைசிவரை அவர் அதை மேடையில் வாசிக்கவேயில்லை.

கஷ்டமா இருந்ததாலதான் விட்டுட்டார் எண்டு நினைக்கத் தோன்றும். ஆனால் ராம்பால் கஷ்டத்துக்குப் பயந்த ஆளில்லை. மார்செயில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், நாஜிகள் கட்டாய வேலைக்கு ஜேர்மனிக்கு அனுப்பப் பார்த்தபோது தப்பி பரிஸுக்கு வந்து இசைக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்தப் பரிஸ் கன்சர்வத்துவாரில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. இறுதிப் போட்டிக்கென்றே இசையமைப்பாளர்களிடம் புதிய படைப்புகள் எழுதி வாங்குவார்கள். ஃபோரே 1898 இல் அப்படி எழுதினார். 1944 இல் ஜோலிவே எழுதியது, பழைய கிரேக்க ஒப்பாரியை மனதில் வைத்த ‘லினோஸின் பாடல்’. இன்றைக்கும் மாணவர்களைத் திணறடிக்கிற அந்தப் படைப்பை வாசித்துத்தான் ராம்பால் அந்த வருடம் முதற்பரிசு பெற்றார்.

அப்ப பிரச்சினை விரலிலோ மூச்சிலோ இல்லை. பரீட்சைப் படைப்பு எவ்வளவு கடினமாக இருந்தாலும், கடைசியில் வாசிப்பவரின் திறமையை மினுக்கிக் காட்டத்தான் எழுதப்படுகிறது. பூலெஸின் சொனாட்டீன் யாரையும் மினுக்கவில்லை. புல்லாங்குழல் என்றால் இனிமை, குருவிச் சத்தம், தென்றல் என்ற எதிர்பார்ப்பையே அது உடைத்தது. குழல் பெரிய பெரிய இடைவெளிகளைத் தாண்டிப் பாய்கிறது, நாக்கை உருட்டி உறுமுகிறது. பியானோ பின்பாட்டுப் பாடாமல் சரிக்குச் சரி சண்டைக்கு நிற்கிறது.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? பூலெஸ் மெசியானிடம் படித்தவர். 1945 இல் லைபோவிட்ஸ் மூலம் ஷேன்பெர்க்கின் பன்னிரு சுர முறையைக் கண்டடைந்தார். பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையாக்கி அதிலிருந்தே எல்லாவற்றையும் கட்டுகிற முறை அது. எங்கட சங்கீதத்தில் சட்ஜம் மாதிரி, திரும்பிப் போய் இளைப்பாற ஒரு வீடு அங்கே கிடையாது. ஷேன்பெர்க் யூதர், 1933 இல் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். அவருடைய இசைக்கு நாஜிகள் ‘சீரழிந்த இசை’ என்று முத்திரை குத்தினார்கள். 1944 வரை நாஜிப் பிடியிலிருந்த நகரத்தில் வாழ்ந்த ஒரு இளைஞன் அந்த இசையைக் கையில் எடுப்பது வெறும் நுட்ப விசயம் இல்லை. ஒண்டுமே நடக்காத மாதிரிப் பழைய அழகுக்குத் திரும்ப முடியாது என்ற பிடிவாதமும் அதில் இருக்கிறது. சொனாட்டீனின் கட்டமைப்புக்கும் ஷேன்பெர்க்கையே பின்பற்றினார். நாலு பகுதிகளை இடைவெளியில்லாமல் ஒன்றாகப் பின்னிய அவருடைய 1906 ஆம் ஆண்டு அறைச் சிம்பொனிதான் முன்மாதிரி.

சொனாட்டீன் முதலில் அரங்கேறியது 1947 இல், பரிஸில் அல்ல, பிரசல்ஸில். அச்சில் வந்தது 1954 இல். ராம்பாலோ பழைய பரோக் இசையைத் தூசு தட்டி எடுத்து, புல்லாங்குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உலக மேடைகளில் நிறுத்தினார்.

இதில் ராம்பாலை வில்லனாக்கத் தேவையில்லை. போருக்குப் பிறகு என்ன வாசிப்பது என்ற கேள்விக்கு ஒருவர் மறந்துபோன அழகை மீட்டெடுத்துப் பதில் சொன்னார், மற்றவர் அந்த அழகோடயே சண்டை பிடித்தார். இரண்டும் தேவைப்பட்டது எண்டுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ஒன்று: கேட்டவரே கைவிட்டபோதும் பூலெஸ் அதற்குப் பதிலாக இனிப்பாக வேறொன்று எழுதிக் கொடுக்கவில்லை. இன்றைக்குத் தேர்ந்த புல்லாங்குழல் கலைஞர்கள் அந்தச் சொனாட்டீனைத் தேடிப் பழகுகிறார்கள்.

முதலில் ‘லினோஸின் பாடல்’, பிறகு சொனாட்டீன் என்ற வரிசையில் கேட்டுப் பாருங்கள். சொனாட்டீன் பன்னிரண்டு நிமிடம்தான். முதல் தரம் பிடிக்காமல் போகலாம். ராம்பாலுக்கும் பிடிக்கவில்லைதானே.