கானகக் கல்வியும் முனைவர் பட்டமும்

இயற்கை வளப் பாதுகாப்பில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர விரும்பும் இந்திய மாணவர் முன் இன்று பல நிறுவனங்கள் இருக்கின்றன என்றாலும், அவை ஒரே காலத்தில் ஒரே நோக்கத்தோடு திட்டமிட்டு உருவாக்கப்பட்டவை அல்ல. அரசின் மரத்தேவைக்காகத் தோன்றிய வனவியல் பள்ளிகள், பறவைகளையும் விலங்குகளையும் பார்த்துக் குறிப்பெடுத்து வந்த இயற்கை ஆர்வலர்களின் சங்கங்கள், உயிரினங்களின் வாழ்வைக் கோட்பாட்டோடு பொருத்திப் பார்த்த பல்கலைக்கழக அறிவியல் ஆகிய மூன்று ஊற்றுகளிலிருந்து அவை பிறந்தன. எந்த நிறுவனம் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்பது, அங்கே எத்தகைய கேள்வி இயல்பாக எழும், எத்தகைய கேள்விக்கு நெறியாளர் கிடைப்பார் என்பதை இன்றளவும் பெரிதும் தீர்மானிக்கிறது.

முதல் ஊற்று தேக்கு. கப்பல் கட்டவும் பின்னர் இருப்புப்பாதைக்குக் குறுக்குக்கட்டைகள் போடவும் காடுகள் கண்மூடித்தனமாக வெட்டப்பட்ட நிலையில், மிஞ்சியதைக் கணக்கிட்டுக் காக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1856ஆம் ஆண்டில் மருத்துவரான ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில், ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்து வந்த டீட்ரிச் பிராண்டிஸ் கீழ்ப்பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குக் கண்காணிப்பாளரானார். பிராண்டிஸ் மரங்களை எண்ணிய முறை இத்துறையின் தொடக்கத்தைத் துலக்கமாகக் காட்டுகிறது. அவர் யானைமீது அமர்ந்து காட்டினூடே ஒரு கோடு பிடித்துச் சென்றார். கையில் சில மூங்கில் துண்டுகளை வைத்துக்கொண்டு, மரத்தின் பருமன் வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டை ஒதுக்கினார். பாதையின் இருபுறமும் தேக்கு தென்படும்போதெல்லாம் உரிய துண்டில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டார். அந்தக் காட்டின் ஈரத்தில் காகிதம் தாங்காது. மாலையில் வெட்டுகளை எண்ணி, எந்தப் பருமனில் எத்தனை மரங்கள் நிற்கின்றன, ஆண்டுக்கு எத்தனையை வெட்டினால் காடு குன்றாமல் இருக்கும் என்று கணித்தார். பின்னாளில் வனத்துறையின் அன்றாட மொழியில் 'செயல் திட்டம்' என்று நிலைத்த ஆவணத்தின், அதாவது ஒரு காட்டில் எப்பகுதியை எந்த ஆண்டில் வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுக்கும் ஏட்டின், அடிப்படைச் சிந்தனை இதுவே.

1864இல் பிராண்டிஸ் இந்தியக் காடுகளின் முதல் தலைமை ஆய்வாளரானார். உயர் அதிகாரிகள் ஜெர்மனியிலும் பிரான்சிலும் பயின்று வந்தனர். அவர்களுக்குக் கீழே களத்தில் நின்ற வனச்சரகர்களைப் பயிற்றுவிக்க 1878இல் டேராடூனில் வனப்பள்ளி தொடங்கப்பட்டது. காட்டை நம்பி வாழ்ந்த மக்களின் மேய்ச்சல், விறகு உரிமைகளைச் சுருக்கிய இந்திய வனச் சட்டம் வந்ததும் அதே 1878இல்தான். பள்ளியும் சட்டமும் ஒரே ஆண்டில் வந்தது அக்கல்வியின் இயல்பைச் சொல்கிறது: மரத்தை வளர்ப்பதும் காட்டுக்குள் மனிதர் வருவதைக் கட்டுப்படுத்துவதும் அதன் இரு கடமைகளாக இருந்தன. காட்டின் அருகில் வாழ்ந்தவர்கள் அப்பாடத்தில் குற்றம் செய்யக்கூடியவர்களாக இடம்பெற்றார்களே தவிர, காட்டைப் பற்றி அறிந்தவர்களாக இடம்பெறவில்லை. இத்துறை அந்தக் குறையை ஈடுசெய்ய நூறாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது வருந்தத்தக்கது. தெற்கே கோயம்புத்தூரில் 1912இல் வனக் கல்லூரி நிறுவப்பட்டது. வன அதிகாரி காஸ் 1902இல் தொடங்கிய, இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அருங்காட்சியகமும் அந்நகரிலேயே உள்ளது.

டேராடூனில் 1906இல் வன ஆராய்ச்சி நிறுவனம் உருவாகி, மரத்தின் வலிமை, விதை, பூச்சி, நோய் எனப் பல பிரிவுகளில் விரிந்த ஆராய்ச்சி நடந்தது. எனினும் அந்நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற தகுதியை, அதாவது தன் பெயரிலேயே பட்டம் வழங்கும் உரிமையை, 1991இல்தான் பெற்றது. வனப்பள்ளி தோன்றியதற்கும் டேராடூன் தானே வனவியலில் முனைவர் பட்டம் வழங்கும் உரிமை பெற்றதற்கும் இடையே 113 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இரண்டாவது ஊற்றுக்குப் பட்டமே கிடையாது. 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் வேட்டைக்காரர்களும் தோட்ட முதலாளிகளும் அரசு அலுவலர்களும் தாம் கண்டவற்றை எழுதிக் குவித்தனர். அச்சங்கத்தின் பெரும் பெயரான சாலிம் அலிக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. அதனாலேயே பறவையியலாளர் பணி ஒன்று அவருக்குக் கிடைக்காமல் போனது. 1929இல் அவர் பெர்லினுக்குச் சென்று எர்வின் ஸ்ட்ரெசெமனிடம் பயின்றார். பட்டம் இல்லாத அந்த மனிதரே பின்னர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஏற்புடன் மாணவர்களுக்கு நெறியாளராகி, பறவைகளை அவை வாழும் இடத்திலேயே பார்த்து ஆராய்ந்து பட்டம் பெறும் வழியைத் திறந்துவிட்டார். சுட்டுத் தோலுரித்துப் பஞ்சடைத்து வைத்த பறவையை ஆராய்வதே முறை என்று கருதப்பட்ட காலத்தில், கூடு கட்டும் தூக்கணாங்குருவியை நாள்தோறும் உட்கார்ந்து பார்ப்பது ஆய்வேடாக முடியும் என்று ஏற்கப்பட்டது சிறிய மாற்றமன்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணனையும் இந்த மரபிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். தென்னிந்தியக் காடுகளில் பெருவிலங்குகளைக் குறித்து அவர் செய்த களப்பணியை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்டு வாங்கவில்லை.

மூன்றாவது ஊற்று 1960களில் வெளியிலிருந்து வந்தது. அமெரிக்கரான ஜார்ஜ் ஷாலர் கான்ஹாவில் புலியையும் மான்களையும் ஆராய்ந்து 1967இல் நூலாக்கினார். கிர் காட்டுச் சிங்கங்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரிலேயே முடிந்தது. இந்தியக் காட்டின் பெருவிலங்குகளை ஆராய்வதற்கு இந்தியப் பல்கலைக்கழகம் போதாது என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர்களில் முன்னிற்பவர் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1970களின் பிற்பகுதியில் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். இந்தியர் ஒருவர் காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெருவிலங்கை முறையாக ஆராய்ந்த முதல் முயற்சிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. பட்டம் வழங்கியது மதுரைப் பல்கலைக்கழகம். இவ்வகை ஆய்வு எத்தகைய உழைப்பைக் கேட்கிறது என்பதை அதன் மிக எளிய கருவி ஒன்றே விளக்கும். செந்நாய் எதைத் தின்றது என்று அறிய அதன் எச்சத்தைப் பொறுக்கிக் காயவைத்து, நீரில் அலசிச் சல்லடையில் சலித்தால் இரையின் உரோமங்களும் எலும்புத் துணுக்குகளும் மிஞ்சும். அந்த உரோமத்தை நுண்ணோக்கியில் வைத்து, அதன் உள்தண்டின் அமைப்பைக் கொண்டு புள்ளிமானா, கடமானா, முயலா என்று பிரிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான எச்சங்களை இப்படிப் பார்த்த பிறகுதான், 'இவ்விலங்கு இன்ன இரையை நம்பி வாழ்கிறது' என்ற ஒற்றை வாக்கியத்தை எழுத முடியும்.

ஏறத்தாழ அதே காலத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மாதவ் காட்கில் சூழலியலையும் கணிதத்தையும் இணைத்துப் பயிற்றுவித்து வந்தார். அவரிடம் சேர்ந்த சென்னையைச் சேர்ந்த ராமன் சுகுமார், சத்தியமங்கலம், சாமராஜநகர்ப் பகுதிகளில் யானைகளை ஆராய்ந்து 1980களின் நடுவில் பட்டம் பெற்றார். உழவரின் ராகிக் கொல்லைக்குள் யானை ஏன் வருகிறது என்பது அவருடைய முக்கியக் கேள்விகளுள் ஒன்று. ஆண் யானைகளே பெண் யானைகளைவிட மிகுதியாகப் பயிருக்குள் புகுகின்றன என்பதைக் காட்டி, சத்துமிக்க உணவு தரும் உடல்வலிமை ஆணின் இனப்பெருக்க வெற்றிக்கு உதவுவதால் அது ஆபத்தை ஏற்கிறது என்று பரிணாம நோக்கில் அவர் விளக்கினார். வனத்துறைக்கு அது பயிர்ச்சேத வழக்கு. உழவருக்கு ஓராண்டு உழைப்பின் இழப்பு. ஆய்வாளர் அதில் யானையின் வாழ்க்கை வரலாற்றையும் படித்தார். காட்டையும் ஊரையும் ஒரே ஆய்வேட்டில் வைத்துப் பார்த்த அந்தத் துணிவு, இத்துறையின் மிகச் சிறந்த பேறு.

கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இலும் புலிகள் திட்டம் 1973இலும் வந்தபின், இத்தகைய ஆட்களுக்கு அரசே வழி அமைக்க வேண்டியதாயிற்று. 1982இல் டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனம் தோன்றியது. ஜான்சிங் அங்கே ஆசிரியராக அமர்ந்து ஒரு தலைமுறையை உருவாக்கினார். 1983இல் பெங்களூருவில் சூழலியல் அறிவியல் மையமும், 1990இல் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரிலான பறவையியல், இயற்கை வரலாற்று மையமும் அமைந்தன. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள கல்லூரி கானுயிர் உயிரியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கி, சிற்றூர் மாணவர்களுக்கும் இவ்வழியைத் திறந்தது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பழைய வனவியல் மரபை வேளாண் பல்கலைக்கழகத்தின் வழியே தொடர்கிறது.

இவற்றுள் சில நிறுவனங்களில் ஆய்வு ஓரிடத்திலும் பட்டம் வேறிடத்திலும் அமைந்தது இவ்வரலாற்றின் எச்சமே. டேராடூன் கானுயிர் மாணவர்கள் குஜராத்தின் சௌராஷ்டிரப் பல்கலைக்கழகத்தின் பெயரிலும், ஆனைகட்டி மாணவர்கள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் பட்டம் பெற்று வந்தனர். இதற்கு 'இணைவு' என்று பெயர். எனவே சான்றிதழில் உள்ள பெயரைக் கொண்டு ஆய்வின் தரத்தை அறிய முடியாது. நெறியாளரின் முந்தைய மாணவர்கள் எந்தக் காட்டில், எத்தனை பருவங்கள் களத்தில் இருந்தார்கள், அவர்களின் ஆய்வேடுகள் எதைக் கேட்டன என்பதைப் படித்துப் பார்ப்பதே தக்க வழி. மரவளர்ப்பையும் மண்ணையும் ஆராய விரும்புபவர் கானுயிர் மையத்திலும், மக்களின் காட்டுரிமையை ஆராய விரும்புபவர் மரபியல் ஆய்வகத்திலும் சேர்ந்து பாதி வழியில் திணறுவது, இந்த வேறுபாட்டை அறியாததால் நேர்வது.

எந்த வழியில் வந்தாலும் சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் என்று வரையறுக்கின்றன. அனுமதி தாமதமாகி ஒரு மழைக்காலம் கைவிட்டுப் போனால், அந்தப் பருவத்துத் தரவுக்கு மாணவர் மறு ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்; வனத்துறையோடு நெடுநாள் பழகிய நெறியாளர் இருக்கும் இடத்தில் அக்காத்திருப்பு குறைகிறது.