உயிர் காலேஜுக்குப் போகும் வழி

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டு நண்பர் காகிதமும் பென்சிலுமாக வந்து நின்றார். அவர் கணக்கு எழுதிப் பிழைக்கும் மனிதர்.

“ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்காவது வெளியே போகவேண்டும், சார். நாங்கள் இரண்டு பேர், குழந்தைகள் இரண்டு, அம்மா. 500 ரூபாய்க்கு மேல் ஒரு காசு கிடையாது. நீங்கள்தான் பட்டணத்தின் பழங்கதையெல்லாம் எழுதுகிறவராயிற்றே! ஓர் இடம் சொல்லுங்கள்” என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் வாசல் நாற்காலியிலிருந்து அவருடைய தாயார், “உயிர் காலேஜுக்குப் போகலாமேடா!” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

குழந்தைகள் விழித்தார்கள். பாட்டி இந்த வயதில் எந்தக் காலேஜில் சேரப் போகிறாள்?

பழைய சென்னைவாசிகளுக்கு இரண்டு காலேஜுகள் உண்டு. பாடம் செய்த பிராணிகளை வைத்திருக்கும் எழும்பூர் மியூசியம், செத்த காலேஜ். மூச்சு விடும் பிராணிகளை வைத்திருந்த மிருகக்காட்சிசாலை, உயிர் காலேஜ். 1851-இல் மியூசியம் தொடங்கியதே கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில்தான் என்பதை நினைத்தால் பெயர் அப்படியொன்றும் விசித்திரமாகப் படாது.

அந்த அம்மாளுக்கு எண்பது வயது. சிறுமியாக இருந்தபோது காணும் பொங்கலன்று ஆவடிக்கு அப்பாலிருந்து பத்துப் பன்னிரண்டு பேராக ரயிலேறி வருவார்களாம். தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு. சென்ட்ரலில் இறங்கி நாலு எட்டு வைத்தால் பூங்கா. புலியைப் பார்த்துவிட்டு, மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய ஊர் திரும்புவார்கள். செலவு ரயில் டிக்கட்டும் வேர்க்கடலையும்தான்.

அந்தப் பூங்காவின் பெயரே மக்கள் பூங்கா. 1859-இல் சென்னைக்குக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், நெருக்கடி மிகுந்த கறுப்பர் நகரத்துக்கு மேற்கே 116 ஏக்கர் நிலத்தில் அதை ஏற்படுத்தினார். குளங்கள், பாதைகள், பாண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மேடை எல்லாம் அதில் இருந்தன. பூங்காவை வைத்த மனிதர் பதவியில் நிலைக்கவில்லை. கல்கத்தா சர்க்கார் கொண்டுவந்த புது வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக, 1860-லேயே அவரைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். அந்த வரிகளில் வருமான வரியும் ஒன்று என்று சொன்னதும், நண்பருக்கு அவர்மீது அபாரமான பக்தி உண்டாகிவிட்டது.

மிருகங்களோ பூங்காவுக்கு மூத்தவை. மியூசியத்தை நடத்திவந்த டாக்டர் எட்வர்டு பால்பர் 1855-இல் மியூசியத் தோட்டத்திலேயே அவற்றை வைத்துக் காட்டத் தொடங்கினார். 1863-இல் அவை மக்கள் பூங்காவுக்குக் குடிபோயின.

அதற்குப் பிறகு நடந்தது, நம் வீடுகளில் பெரிய முற்றம் இருந்தால் நடப்பதுதான். ஒரு மூலையில் குளியலறை, இன்னொரு மூலையில் சாமான் அறை என்று கட்டிக்கொண்டே போவோம். ஒவ்வொன்றும் அவசியமானதாகவே இருக்கும். கடைசியில் பார்த்தால் முற்றம் இராது. விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-இல் மாநகராட்சிக்கு ரிப்பன் மாளிகை கட்டி முடிந்தது. விளையாட்டரங்கம் ஒன்றும் வந்தது. எதையும் வேண்டாமென்று சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் ஒவ்வொன்றும் புளிச்சோற்று மூட்டையை அவிழ்க்கும் இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது. 1985-இல் மிருகக்காட்சிசாலை வண்டலூரில் திறக்கப்பட்டது. பிராணிகளுக்கு அது பெரிய விடுதலைதான். காடு போன்ற இடத்தில் காலை நீட்டிப் படுக்கலாம். சென்ட்ரலில் இறங்கி நடந்து வருகிறவர்களுக்குத்தான் அது தூரமாகப் போய்விட்டது. அதே 1985-இல் மூர் மார்க்கெட்டும் தீக்கிரையாயிற்று.

“அப்படியானால் கடற்கரைதான்” என்றார் நண்பர்.

கடற்கரைக்கும் கதை உண்டு. மெரீனாவின் அகன்ற மணற்பரப்பு ஆதியிலிருந்து இருந்ததல்ல. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கரையோரமாக வருஷத்தில் பெரும்பகுதியும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து செல்லும். சுவர் அதை மறித்தது. மறித்த மணல் தெற்கே குவிந்து குவிந்து நிலமாயிற்று. 1884-இல் கவர்னர் கிராண்ட் டப் அங்கே உலாவும் சாலை ஒன்றை அமைத்து, இத்தாலிய நினைவில் மெரீனா என்று பெயர் வைத்தார்.

தெற்கே தங்கிய மணல் வடக்கே போகவேண்டிய மணல் அல்லவா? சுவருக்கு அப்பால் இராயபுரத்திலும் அதற்கும் வடக்கேயும் கடல் கரையை அரித்தது, வீடுகளையும் கொண்டுபோயிற்று. அங்கே இன்று கருங்கல்லைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். நம் குழந்தைகள் மெரீனாவில் கட்டும் மணல் வீட்டில், வடசென்னைக் குழந்தைகளின் பங்கும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேராகக் கிளம்பினோம். எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேர். காணும் பொங்கலன்று மெரீனாவில் மண்ணைக் காண முடியாது, மனிதர்களைத்தான் காணலாம். ஆகையால் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொண்டோம். மணலில் நிழல் கிடையாது என்பதால் மூன்று மணிக்கு மேல்தான் அம்பத்தூரில் ரயிலேறினோம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, இரண்டு குடம் போன்ற இரண்டு பாட்டில் தண்ணீர், விரிக்க ஒரு பழம்புடவை. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கக்கூடாது என்று குழந்தைகளிடம் ரயிலிலேயே சத்தியம் வாங்கியாயிற்று.

புறநகர் ரயில்கள் வந்து நிற்கும் இடம், மூர் மார்க்கெட் எரிந்துபோன அதே இடம். இறங்கியதும் அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“பார்க் எங்கேடா?”

நண்பர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “அம்மா, நாம் பார்க்குக்குள்ளேதான் நின்றுகொண்டிருக்கிறோம்.”

அவர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, “இங்கேதாண்டா எங்கேயோ புலி இருந்தது” என்றார். பயல் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

பஸ் பிடித்து மெரீனாவுக்குப் போனோம். இருட்டும் வரையில் அங்கிருந்தோம். அந்த அம்மாள் சோற்றை உருட்டிக் கையில் கொடுக்க, ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் நண்பர் தம் வீட்டுக் கணக்கைக் காட்டினார். ரயில், பஸ், சுண்டல், பலூன் ஒன்று எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் அடங்கியிருந்தது. கணக்கில் ஒன்றையும் விடக்கூடாது என்பது அவர் கொள்கை. ஆகையால் கடைசியில், ‘உட்கார்ந்த இடத்துக்கு: 0’ என்று எழுதியிருந்தார்.

குடும்பத்துக்கு ஒரு நாள் சந்தோஷம் 300 ரூபாயில் முடிகிறதென்றால் அந்தக் கடைசி வரியினால்தான். அந்த இடத்தில் வேறொரு எண் விழுந்துவிட்டால், எத்தனை சிக்கனக்காரர் பென்சில் பிடித்தாலும் கணக்கு நேராகாது.